தடைக்காலத்தையும் தாங்கும் கணக்கு

ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்குக் கடல் மூடுகிறது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை படகுகள் கரையில் கிடக்கும் இந்த இரண்டு மாதத்தை ஒட்டித்தான் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது. கல்லூரி விண்ணப்பமும் கலந்தாய்வும் அப்போதுதான். முதல் செமஸ்டர் ஃபீஸ் கேட்பதும் அப்போதுதான். "பாஸ்புக் முதல் பக்கம் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி வேணும்" என்று அட்மிஷன் கவுண்டரில் சொல்வதும் அப்போதுதான். வீட்டில் காசு புழங்காத நாட்களில் அவசரமாகத் திறக்கப்படுவதுதான் இந்தக் கரைப் பிள்ளைகளின் முதல் வங்கிக் கணக்கு.

எந்த பேங்க் நல்லது என்று இணையத்தில் தேடினால் வட்டி விகித அட்டவணைதான் முதலில் வருகிறது. அதை ஒதுக்கிவிடலாம். ஒரு மாணவரின் கணக்கில் வருடம் முழுக்கச் சராசரியாக 3,000 ரூபாய் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். 2.5 சதவீத வட்டிக்கு வருடத்துக்கு 75 ரூபாய், 4 சதவீதத்துக்கு 120 ரூபாய். வித்தியாசம் 45 ரூபாய். பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ, இரண்டு வடை. இதற்காக ஒரு வங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இருப்பு குறைந்ததற்காக அதே வங்கிக்கு ஒரே மாதத்தில் 350 ரூபாய் அபராதம் கட்டுவதுதான் நடக்கிறது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு மாதம் வெறுமையாகக் கிடந்தாலும் அந்தக் கணக்கு எதையும் தின்னாமல் இருக்குமா?

அபராதக் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. 'மினிமம் பேலன்ஸ் 5,000' என்றால் எந்த நாளும் 5,000-க்குக் கீழே போகக்கூடாது என்று பொருள் இல்லை. பெரும்பாலான வங்கிகளில் அது மாதச் சராசரி. தினமும் நாள் முடிவில் இருக்கும் தொகையை எல்லாம் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். முதல் 10 நாள் 15,000 இருந்து, ஃபீஸ் கட்டியதும் மீதி 20 நாள் பூஜ்யமாகக் கிடந்தால் சராசரி சரியாக 5,000, அபராதம் இல்லை. ஆனால் மே மாதம் முழுக்க பூஜ்யம் என்றால் பற்றாக்குறை முழு 5,000. சில தனியார் வங்கிகள் பற்றாக்குறையில் 6 சதவீதம் பிடிக்கின்றன. அது 300 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 54, ஆக 354. இரண்டு மாதத்துக்கு 708. பிடிப்பதற்கு முன் ஒரு மாத அவகாசம் கொடுத்துத் தகவல் சொல்ல வேண்டும், அபராதத்தால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்பவை ரிசர்வ் வங்கியின் விதிகள். ஆனால் அடுத்து உதவித்தொகை வந்து விழும்போது கணக்கில் பணம் இருக்குமே, அப்போது பிடிப்பார்கள்.

அரசு வங்கிகளில் இந்தத் தொல்லை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஸ்டேட் பாங்க் 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குக்கான மினிமம் பேலன்ஸை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கி ஜூலையிலும், ஐஓபி அக்டோபரிலும் சாதாரண சேமிப்புக் கணக்குகளுக்கு எடுத்துவிட்டன. இதற்கு நேர் எதிராக, 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி பெருநகரங்களில் புதுக் கணக்குகளுக்குச் சராசரி 50,000 என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000 ஆக்கியது. விதி இப்படி எந்தப் பக்கமும் மாறும். அதனால் கணக்கு திறக்கும் அன்று, உங்கள் கணக்கு வகையின் பெயரைச் சொல்லி அதற்கான கட்டணப் பட்டியலைக் கேளுங்கள். 'பிரீமியம்', 'பிளஸ்', 'கோல்டு' என்று பெயருக்குப் பின்னால் வால் ஒட்டியிருந்தால் சலுகை விதி அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

மினிமம் பேலன்ஸ் இல்லை என்பதாலேயே செலவு இல்லை என்றாகிவிடாது. ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம், எஸ்எம்எஸ்ஸுக்குக் காலாண்டுக் கட்டணம் என்று சிறுசிறு தொகைகள் போய்க்கொண்டே இருக்கும். அதுவும் வேண்டாம் என்றால் கவுண்டரில் கேட்க வேண்டிய பெயர் 'பேசிக் சேவிங்ஸ்', வங்கிக்காரர்கள் மொழியில் பிஎஸ்பிடி கணக்கு. வெறுமனே "ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட்" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் திறந்து கொடுத்துவிட முடியும். பேசிக் கணக்கில் கார்டு இலவசம், வருடக் கட்டணம் கிடையாது, மாதம் குறைந்தது நான்கு முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். நான்கைத் தாண்டினால் என்ன, யுபிஐயில் அனுப்புவதையும் அதில் சேர்ப்பார்களா என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள். ஒரு நிபந்தனை உண்டு: அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. இருந்தால் 30 நாளுக்குள் மூட வேண்டும். ஜன்தன் கணக்கும் இந்த வகைதான்.

அந்த 'இன்னொரு கணக்கு' உங்களுக்குத் தெரியாமலே இருக்க வாய்ப்பு அதிகம். அரசுப் பள்ளியில் ஒன்பதோ பத்தோ படிக்கும்போது உதவித்தொகைக்காக ஹெட்மாஸ்டர் மொத்தமாக விண்ணப்பம் அனுப்பித் திறந்த கணக்கு அது. பாஸ்புக் பீரோவில் அம்மாவின் சேலைக்கு அடியில் இருக்கும், அல்லது எங்கேயும் இருக்காது. மைனராக இருக்கும்போது திறந்த கணக்கு, 18 முடிந்ததும் தானாகப் பெரியவர் கணக்காக மாறிவிடாது. புதுக் கையெழுத்து மாதிரி, புதுப் புகைப்படம், கேஒய்சி என்கிற அடையாள, முகவரிச் சான்றுகள் எல்லாம் கொடுத்தால்தான் பணம் எடுக்க விடுவார்கள். பழைய கணக்கு வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் இருந்து, மினிமம் பேலன்ஸும் இல்லை என்றால், புதிது திறப்பதைவிட அதை மேஜராக்கிக்கொள்வதே நல்லது. காரணம் ஆதார்.

"ஆதாரை லிங்க் பண்ணியாச்சு" என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்வது உண்மையில் இரண்டு வேலைகள். கணக்கு திறக்க ஆதாரை அடையாளச் சான்றாகக் கொடுப்பது ஒன்று. எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் அப்படிக் கொடுக்கலாம். அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ-யின் பதிவேட்டில் ஆதார் எண்ணுக்கு எதிரே குறித்துவைப்பது இன்னொன்று. அதைத்தான் 'சீடிங்' என்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான், கடைசியாக யார் பதிந்தார்களோ அவர்கள்தான். ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் நீங்கள் கல்லூரியில் கொடுத்த பாஸ்புக் ஜெராக்ஸைப் பார்ப்பதில்லை, பதிவேட்டைப் பார்த்துப் போகிறது. வகுப்பில் எல்லாருக்கும் உதவித்தொகை வந்து ஒருவருக்கு மட்டும் "வரலை" என்றால், பாதி நேரம் அது பள்ளிக்காலக் கணக்கில் போய் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

தெரிந்துகொள்வது எளிது. 'மை ஆதார்' இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். வங்கியின் பெயர், செயலில் உள்ளதா இல்லையா, கடைசியாக மாறிய தேதி மூன்றும் தெரியும். கணக்கு எண் தெரியாது. வேறு வங்கியின் பெயர் இருந்தால், பணம் வர வேண்டிய வங்கியில் சீடிங் படிவத்தைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் 'ஏற்கெனவே உள்ள வங்கியிலிருந்து மாற்றுகிறேன்' என்ற வரியில் பழைய வங்கியின் பெயரை எழுத மறக்காதீர்கள். படிவம் கொடுத்து ஒரு வாரம் கழித்து அதே கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். செல்போன் கடையில், மேளாவில், சந்தையில் குடைபோட்டு உட்கார்ந்திருக்கும் மேசையில் "கைரேகை மட்டும் வைங்க, இலவச அக்கவுண்ட்" என்று சொன்னால் வைக்காதீர்கள். சிம் கார்டுக்காக ஆதார் சரிபார்ப்புக்குப் போனவர்களின் கேஸ் மானியம் அவர்களுக்கே தெரியாத பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது 2017-ல் நாடு முழுக்கச் செய்தியானது.

புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். இதற்காகக் கல்லூரியே ஏதாவதொரு வங்கியை அழைத்து மொத்தமாகக் கணக்கு திறக்க வைப்பது உண்டு. திறந்துகொள்ளலாம், தப்பில்லை. ஆனால் மற்ற உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்தபோது வேறு வங்கி சீடிங்கில் இருந்திருந்தால், புதிய வங்கி சீடிங்கைத் தன் பெயருக்கு மாற்றியதும் எல்லாப் பணமும் புதிய கணக்குக்கு வரும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

அடுத்தது பெயர். இதில்தான் விண்ணப்பங்கள் அதிகம் திரும்புகின்றன. மார்க்ஷீட்டில் 'முனீஸ்வரி க', ஆதாரில் வெறும் 'முனீஸ்வரி', பான் கார்டில் 'முனீஸ்வரி கருப்பையா' என்று இருந்தால் நமக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முகம்மது என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'எம்'மா இரண்டா, நடுவில் 'ஓ'வா 'யூ'வா என்பதில் நான்கைந்து வகை. முதலில் ஆதாரை மார்க்ஷீட்டுக்குப் பொருந்தச் சரிசெய்து, பிறகு பான், கடைசியில் வங்கி என்று போனால் ஒருமுறை அலைச்சலோடு முடியும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒருமுறை. எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், சேவை மைய ஊழியர் தட்டச்சு செய்வதைத் திரையில் பார்த்துச் சரி சொல்லுங்கள். 15 வயதுக்குப் பிறகு கைரேகையைப் புதுப்பிக்காதவர்கள் அதையும் அதே நடையில் முடித்துவிடலாம். பழைய ரேகை வைத்திருந்தால் வங்கி மெஷினில் விரல் விழாது.

பான் இல்லாவிட்டாலும் கணக்கு திறக்கலாம், பான் இல்லை என்பதற்கான படிவத்தை எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் 18 முடிந்து, ஆதாரில் செல்போன் எண்ணும் சேர்ந்திருந்தால் வருமானவரித் துறை இணையதளத்திலேயே இ-பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு யாருக்கும் 300, 400 கொடுக்க வேண்டியதில்லை.

கணக்கில் யாருடைய செல்போன் எண் என்று கேட்கும்போது கை தானாக அப்பாவின் எண்ணை எழுதிவிடும். இந்தக் கரையில் அதை எழுதக்கூடாது. அப்பா மதியம் கடலுக்குப் போனால் மறுநாள்தான் கரை. நடுவில் டவர் இல்லை. இரவு 11:59-க்கு முடியும் தேர்வுக் கட்டணத்துக்கான ஓடிபி, பாக் நீரிணையில் அணைத்து வைத்த போனுக்குப் போய்ச் சேரும். யுபிஐயோ, பதிவு செய்த எண்ணின் சிம் உங்கள் போனிலேயே இருந்தால்தான் பதிவாகும். சிம்மை உங்கள் பெயரில் வாங்குங்கள், ரீசார்ஜ் விடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் ஓடிபியும் அவரோடு போகும். புதிதாக யுபிஐ பதிந்த முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது என்பதால், கடைசித் தேதிக்கு முந்தின நாள் பதிந்து ஃபீஸ் கட்டலாம் என்ற திட்டம் பலிக்காது.

போனிலேயே ஆதார் ஓடிபி மூலம் ஐந்து நிமிடத்தில் திறக்கும் கணக்குகள் அரை வேக்காடு. இருப்பு ஒரு லட்சத்துக்கு மேல் போகக்கூடாது, வருட வரவு இரண்டு லட்சத்தைத் தாண்டக்கூடாது, ஒரு வருடத்துக்குள் நேரிலோ வீடியோவிலோ முழு கேஒய்சி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் இரண்டாம் வருட ஃபீஸ் சமயத்தில் கணக்கு நின்றுவிடும். திறந்த அன்றே வீடியோ கேஒய்சியையும் முடித்துவிட்டால் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை.

கிளை எங்கே? ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். தங்கச்சிமடத்திலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ தினமும் பஸ்ஸில் வந்து படிப்பவர் காலையில் கிளம்பினால் இருட்டும்போதுதான் வீடு. ஊரில் கிளை இருந்தாலும் அது திறந்திருக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை. கல்லூரிப் பக்கத்துக் கிளையே மேல். பிறகு ஊர்க் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான வங்கிகளில் கணக்கு எண் மாறாது, கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சி மட்டும் மாறும். சனிக்கிழமைகளில் மாதத்தின் இரண்டாவதும் நான்காவதும் விடுமுறை, மற்றவை வேலை நாள். கல்விக் கடன் கேட்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு. கடன் பெரும்பாலும் பெற்றோர் குடியிருக்கும் ஊர்ப் பக்கத்துக் கிளையைத்தான் சுற்றும், அங்கே குடும்பத்துக்கு ஏற்கெனவே கணக்கு இருப்பது உதவும்.

கிளையே இல்லாத கிராமத்துக்குத் தபால்காரர் இருக்கிறார். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது, இருப்பு வரம்பு 2 லட்சம். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு என்பது வேறு. அதற்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இருப்பு வேண்டும், வட்டி 4 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இன்னொன்று, இந்தப் பக்கம் பழைய பாண்டியன் கிராம வங்கி பாஸ்புக் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2019 ஏப்ரல் 1 அன்று அது பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. கணக்கு அங்கே இருக்கும்.

ஏடிஎம்மில் காசு கரைவது சத்தமில்லாமல் நடக்கும். சொந்த வங்கி மெஷினில் மாதம் ஐந்து முறை இலவசம். பிற வங்கி மெஷினில், பெருநகரம் அல்லாத நம் ஊர்களில் ஐந்து முறை. அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரையும் வரியும். பிற வங்கி மெஷினில் இருப்பைப் பார்ப்பதும் அந்த ஐந்தில் ஒன்று. இப்படி ஒரு காட்சி: கணக்கில் 430 ரூபாய். மெஷினில் 500 நோட்டு மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் 500 அடிக்கிறீர்கள், 'போதிய இருப்பு இல்லை' என்று துண்டுச் சீட்டு வருகிறது. பல வங்கிகள் இந்தத் தோல்விக்கே 20 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. இருப்பை வங்கிச் செயலியில் பார்த்துவிட்டுக் கார்டைச் செருகுங்கள். மெஷினில் காசு தீர்ந்துபோய் வரவில்லை என்றால் அது இலவச எண்ணிக்கையில் சேராது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்ட நாட்களில் ராமேஸ்வரத்தில் இந்த விதி பயன்படும். கணக்கில் கழிந்து கையில் காசு வராவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் தர வேண்டும். கேட்டால்தான் சிலர் நினைவுக்கே வரும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனுக்கு இணையத்தில் எழுதலாம், காசு கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் நூறு, இருநூறு ரூபாய் விவகாரம். பெரிய ஆபத்து வேறு. "உன் அக்கவுண்ட் சும்மாதானே கிடக்கு, ரெண்டு மாசத்துக்குக் குடு, கமிஷன் தர்றோம்" என்று ஒரு சீனியரோ, தெரிந்த அண்ணனோ கேட்பார். கேட்கும் பொருட்களைப் பாருங்கள்: ஏடிஎம் கார்டு, பின், கணக்கில் பதிந்த சிம். எங்கோ ஏமாற்றப்பட்டவரின் பணம் உங்கள் கணக்குக்கு வந்து, சில நிமிடத்தில் பத்து இடத்துக்குப் பிரிந்து போகும். ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்ததும் அந்தப் பணம் தொட்ட கணக்குகள் முடக்கப்படும். வழக்கு வேறு மாநிலத்தில், நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரிக்கு. பணத்தை எடுத்தவன் யாரென்று உங்களுக்கே தெரியாது, ஆனால் கேஒய்சியில் இருப்பது உங்கள் முகம்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வாசலும் உண்டு. வளைகுடாவில் இருக்கும் அண்ணனோ மாமாவோ உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் தரகர் கைமாற்றில், பணம் போடுகிறார். அங்கே அவர் திர்ஹாமாகக் கொடுக்கிறார், இங்கே உங்கள் கணக்குக்குப் பெயர் தெரியாத யாரோ ஒருவரின் யுபிஐயிலிருந்து ரூபாய் வருகிறது. ரேட் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அந்த யாரோவின் கணக்கில் மோசடிப் பணம் கலந்திருந்தால், அண்ணன் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசும் அதே முடக்கத்தில் மாட்டும். 'பணம் அனுப்பியவர் யார்?' என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் வழியாகவோ வங்கி வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்புக்கில் உள்ளபடியே பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கொடுத்தால் போதும். சிலர் வெளிநாட்டுப் பணத்துக்கான வங்கிக் குறியீடான ஸ்விஃப்ட் கோடு கேட்பார்கள், கிளையில் சொல்வார்கள். தெரியாதவரிடமிருந்து பணம் வந்து "தப்பா போட்டுட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க" என்று போன் வந்தால், நீங்களே அனுப்பாதீர்கள். வங்கிக்கு எழுதிக் கொடுங்கள், அவர்கள் வந்த வழியே திருப்புவார்கள்.

உங்கள் தவறு இல்லாமல், வெளியார் யாரோ செய்த மோசடியில் கணக்கிலிருந்து பணம் போனால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அப்போது இழப்பு முழுவதும் வங்கியுடையது. நான்கிலிருந்து ஏழாம் வேலை நாள் வரை உங்கள் பங்கு பேசிக் கணக்கில் அதிகபட்சம் 5,000, சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் தலையில். அதனால்தான் எஸ்எம்எஸ் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று தகவலை நிறுத்தி வைக்காதீர்கள்.

பாஸ்புக் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகருமுன் முதல் பக்கத்தைப் படியுங்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்து, பிறந்த தேதி, ஐஎஃப்எஸ்சி, வாரிசுதாரர் பதிவானதா என்ற குறிப்பு. அச்சு மங்கலாக இருந்தால் அப்போதே திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம்தான் மூன்று வருடம் ஜெராக்ஸ் ஆகப்போகிறது.

திறக்கும் படிவத்தின் கடைசியில் இரண்டு காப்பீட்டுக் கட்டங்கள் இருக்கும். உங்களைக் கேட்காமலே டிக் அடித்திருக்கவும் கூடும். 436 ரூபாய் ஆயுள் காப்பீடு உங்கள் சம்பாத்தியத்தை நம்பி வீடு இல்லாத வரை அவசரமில்லை, வேண்டாம் என்று சொல்லலாம். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் பஸ்ஸிலோ பைக்கிலோ போகிறவருக்கு 2 லட்சம் கவரேஜ் வேறு எங்கும் இந்த விலைக்கு இல்லை. அதன் வருடம் ஜூன் 1-ல் தொடங்குகிறது, பணத்தை மே கடைசி வாரத்தில் எடுப்பார்கள். தடைக்காலம் நடுவில் இருக்கும், கணக்கு வறண்டிருக்கும். அந்த வாரம் இருப்பு 19 ரூபாயாக இருந்தால் பிரீமியம் பிடிக்க முடியாமல் காப்பீடு நின்றுவிடும். மே 24-க்குள் 20 ரூபாய் போட்டு வையுங்கள்.